கோடு இல்லாத தெருவில் வெள்ளம் வராது

எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் தம்பி ஒருவர் உணவு டெலிவரி பார்க்கிறார். காலை பதினோரு மணிக்கு வண்டியை எடுத்தால் இரவு பன்னிரண்டு வரை மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி.நகர் என்று சுற்றுவார். லஸ் முனையில் எந்தச் சந்தில் நுழைந்தால் சிக்னலைத் தவிர்க்கலாம், எந்த அபார்ட்மென்ட்டில் டெலிவரி ஆட்களை லிஃப்டில் ஏற விடமாட்டார்கள், போனில் காட்டும் புள்ளிக்கும் உண்மையான வாசலுக்கும் எத்தனை அடி தூரம் என்று எல்லாமே அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் வீட்டுக்கு வழி கேட்டால் சொல்வது ஒன்றுதான்: "அம்மன் கோயில்கிட்ட வந்து போன் போடுங்கண்ணா, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவர் வீடு இருக்கும் சந்து மேப்பில் இல்லை. கால்வாய் ஓரத்தில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் அந்த இடம், போனில் பார்த்தால் வெறும் சாம்பல் நிறத் திட்டு. நாள் முழுக்க அடுத்தவர் வாசலை ஜிபிஎஸ் வைத்துக் கண்டுபிடிக்கிறவருக்குத் தன் வாசலைக் காட்ட ஒரு புள்ளி இல்லை.

இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் ஒரு மழைக்காலத்து இரவில் அந்தக் குடியிருப்பில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமாகவே வந்தது. வந்து, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய சாலையில் நின்றுவிட்டது. ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த மேப்பில் வழி அங்கேயே முடிந்துவிட்டது. பெரியவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு பாலம் வரை சுற்றி ஓடினார்கள். அவர் பிழைத்துவிட்டார். அந்த இரவுக்குப் பிறகுதான் மேப் என்பது நம்முடைய பிரச்சினை என்று எங்களுக்கு உறைத்தது.

தோழர்களே, இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது இதுதான். கையடக்க ஜிபிஎஸ் கருவியும் காசில்லாமல் கிடைக்கும் கட்டற்ற வரைபடமும் மலையேறப் போகிறவர்களின் விளையாட்டுப் பொருள் அல்ல. நம் தெருக்களை நாமே நடந்து, நாமே வரைந்து, எதைக் காட்டுவது எதை மறைப்பது என்று நாமே முடிவு செய்வதற்கான கருவி அது. இதில் ஆபத்தும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் பேசுவோம்.

2015 வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். அந்த நவம்பர், டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, மேப்பாக்ஸ் நிறுவனத்தில் இருந்த அருண் கணேஷும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தன்னார்வலர்களும் சேர்ந்து ஒரு வெள்ள வரைபடத்தைக் கொண்டுவந்தார்கள். உங்கள் தெருவில் தண்ணீர் நின்றால் மேப்பில் அந்தத் தெருவைத் தட்டலாம். தட்டினால் நிறம் மாறும். ஆயிரக்கணக்கான தெருக்களை மக்கள் தட்டினார்கள். எந்தச் சாலையில் போகலாம், எதில் போகக்கூடாது என்று பார்க்க நிவாரணத்துக்குப் போன பலருக்கும் அது பயன்பட்டது. நல்ல வேலை, நன்றியோடுதான் சொல்கிறோம்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். தட்டுவதற்கு ஒரு தெரு வேண்டும். டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த தண்ணீர் அடையாற்றில் ஏறி வந்தபோது முதலில் நனைந்தது யார் வீடு? சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஆற்றை ஒட்டிக் குடிசை போட்டிருந்தவர்கள் வீடு. அந்தச் சந்துகளுக்கு மேப்பில் கோடு இல்லையென்றால், எத்தனை அடி தண்ணீர் நின்றாலும் அங்கே சிவப்பு ஏறாது. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அந்த இடம் காய்ந்த நிலம். கோடு இல்லாத தெருவில் வெள்ளம் வராது. தண்ணீர் வராது என்று யாரும் புகார் எழுத முடியாது, குப்பை அள்ளவில்லை என்று தெருப் பெயரைத் தேர்ந்தெடுத்துச் செயலியில் முறையிட முடியாது. இல்லாத தெருவுக்கு ஏது குறை?

யாரும் திட்டம் போட்டு நம் தெருவை அழிக்கவில்லை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தன்னார்வலர்கள் வரைவது. தன்னார்வலர் தனக்குத் தெரிந்த தெருவை வரைவார். தான் காபி குடிக்கும் கடை, தன் பிள்ளை படிக்கும் பள்ளி, தான் நடக்கும் பூங்கா. ரங்கநாதன் தெருவில் ஒவ்வொரு கடையும் மேப்பில் இருக்கும். அந்தக் கடைகளின் குப்பையை விடியற்காலையில் அள்ளும் அம்மா எந்தச் சந்திலிருந்து வருகிறார் என்பது இருக்காது. விலக்கி வை என்று யாரும் எழுதவில்லை. ஆனால் விலகித்தான் இருக்கிறது. ஊரும் சேரியுமாகப் பிளந்து கிடப்பதுதான் இந்திய கிராமம் என்று அம்பேத்கர் திரும்பத் திரும்ப எழுதினார். நகரத்துக்கு வந்தால் அந்தப் பிளவு போய்விடும் என்று நம்பி வந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு, நகரத்து மேப்பும் அதே படத்தைத்தான் காட்டுகிறது.

வரைபடத்துக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணிக்கு முதல் அடிக்கோடு 1802 ஏப்ரலில் நம் பரங்கிமலையில்தான் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி எஃகுச் சங்கிலி வைத்துச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் அளந்தார். அந்தக் கோட்டின் மறுமுனை எது தெரியுமா? பெரும்பாக்கம் குன்று. ஆம், அதே பெரும்பாக்கம்தான். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களிலிருந்து நம் மக்களை அள்ளிக்கொண்டுபோய் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளில் குடிவைத்திருக்கும் இடம். இந்தத் துணைக்கண்டத்தை அளக்கும் வேலை எந்தத் திசையில் தொடங்கியதோ, நம்மை நகரத்திலிருந்து வெளியே தள்ளும் பாதையும் அதே திசையில் போகிறது. லாம்டன் பெயர் வரலாற்றில் நின்றது. வெயிலில் சங்கிலி இழுத்தவர்களின் பெயர் நிற்கவில்லை.

அளக்கிறவர் கையில் பட்டியலும் இருக்கும். 1971-இல் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தபோது சென்னையில் 1,202 பகுதிகள் பட்டியலில் ஏறின. 1985-இல் இன்னும் 17 சேர்ந்தன. அதன்பின் பல ஆண்டுகள் புதிதாக ஒன்றுகூடச் சேர்க்கப்படவில்லை. இந்த இடைவெளியில் நகரம் எவ்வளவு பெருத்தது என்று உங்களுக்கே தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சியில் நான்கில் ஒருவருக்கும் மேல் குடிசைப் பகுதியில் வாழ்ந்தார்கள். பட்டியலில் இருந்தால் சட்டத்தின் பாதுகாப்பும் குழாயும் கழிப்பறையும் கேட்கலாம். இல்லையென்றால் நீங்கள் 'ஆக்கிரமிப்பு'. 2021-இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. பெயர் மாறுவது நல்லதுதான். ஆனால் அறிவிக்கப்படாத பகுதி அறிவிக்கப்படாததாகவே இருந்தால், பெயர்ப் பலகையை வைத்து யார் வீட்டைக் காப்பாற்றுவது?

இந்த இடைவெளியை முதலில் வரைபடமாக்கிக் காட்டியவர்களில் 'டிரான்ஸ்பரன்ட் சென்னை' குழு முக்கியமானது. அறிவிக்கப்படாத குடியிருப்புகளையும் பொதுக் கழிப்பறைகளையும் அவர்கள் வரைபடத்தில் ஏற்றினார்கள். நாங்கள் கல்லூரியில் சமூகவியல் படித்த நாட்களில் அந்த வேலையைப் பார்த்துத்தான், ஆய்வறிக்கையை விட ஒரு மேப் சில நேரம் சத்தமாகப் பேசும் என்று புரிந்துகொண்டோம்.

இனி கருவிக்கு வருவோம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. மக்கள் வரிப்பணத்தில் எடுத்த வரைபடத்தை அந்த நாட்டு அரசு நிறுவனம் மக்களுக்கே விலைக்கு விற்றுக்கொண்டிருந்த காலம். அதற்கு எதிராக, யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரைபடம் பிறந்தது. விக்கிப்பீடியா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்பில் நாம் ஒரு திருத்தம் போட்டால் அது அந்த நிறுவனத்தின் சொத்து. ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் இஷ்டம். இங்கே தரவு பொதுச் சொத்து. எடுத்து அச்சடிக்கலாம், மனுவோடு இணைக்கலாம், நம் கருவியில் ஏற்றலாம். 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் பங்களிப்பாளர்கள்' என்று ஒரு வரி நன்றி போட்டால் போதும்.

"போன் இருக்கும்போது எதற்குத் தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போனே போதும் என்றால் போனிலேயே செய்யுங்கள். ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் இதே வரைபடத்தை இணையம் இல்லாமல் காட்டும். ஆனால் களத்தில் மூன்று காரணங்களுக்காக எங்களுக்குக் கருவி பிடித்துப்போனது. முதலாவது, சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி இரண்டு போட்டால் ஒரு நாள் முழுக்க ஓடும். வெயிலில் திரை தெரியும், மழையில் நனைந்தாலும் சாகாது. இரண்டாவது, அதில் சிம் இல்லை, கணக்கு இல்லை. நாம் எங்கே நடந்தோம் என்பது எந்த நிறுவனத்துக்கும் போகாது. மூன்றாவதுதான் பெரிய காரணம். போன் ஒருவருடையது, அதை அடுத்தவர் கையில் கொடுக்க யோசிப்போம். கருவி குழுவுடையது. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் பிடிக்கலாம், அறுபது வயது ஆயாவும் பிடிக்கலாம். புதிதாக வாங்கினால் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும். ஐந்து பேர் சேர்ந்து வாங்குங்கள், பழையதாகக் கிடைத்தாலும் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி உள்ள கருவி வேறு. அதற்கு நம் நாட்டில் அரசு அனுமதி வேண்டும். நமக்கு வேண்டியது சிக்னலை வாங்க மட்டும் செய்யும் சாதாரண ஜிபிஎஸ்.

கார்மின் போன்ற கருவிகளுக்கு நிறுவனமே வரைபடம் விற்கிறது. வாங்கத் தேவையில்லை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவை அந்தக் கருவிக்கு ஏற்ற கோப்பாக மாற்றித் தரும் தளங்களைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். மாற்றும் மென்பொருளுக்கு எம்கேஜிமேப் என்று பெயர், அதுவும் இலவசம். இறக்கிய கோப்பை மெமரி கார்டில் 'கார்மின்' என்ற ஃபோல்டரில் 'ஜிமேப்சப்' என்ற பெயரில் போட்டால் வேலை முடிந்தது. கருவியைத் திறந்தால் மயிலாப்பூர் குளமும் அடையாறு பாலமும் கையில் இருக்கும். எங்கள் கருவியில் தமிழ் எழுத்து மட்டும் தெரியவில்லை. அதைப் பற்றிக் கத்த வேண்டிய இடத்தில் கத்திக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் முதல் நடை மந்தைவெளிப் பக்கம் கால்வாய் ஓரத்தில் ஒரு குடியிருப்பில். பெயரை எழுதவில்லை, காரணம் பிறகு சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயடியில் கூட்டம். கையில் மஞ்சள் கருவியோடு போய் நின்ற எங்களைப் பார்த்து ஓர் ஆயா கேட்டார்: "இன்னா கண்ணு அது, கரண்டு கணக்கு எடுக்கவா வந்துகிறீங்க?" இல்லை ஆயா, உங்கள் தெருவை மேப்பில் போட வந்தோம் என்றோம். அவர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். "மேப்புல போட்டா இடிக்க வருவானா, இடிக்காம வுடுவானா? அத்த மொதல்ல சொல்லு."

எம்.ஏ. பட்டம் பெற்ற எங்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அன்று நாங்கள் ஒரு அடி நடக்காமல் திரும்பினோம்.

ஆயாவின் பயத்துக்கு ஆதாரம் வெகு தூரத்தில் இல்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓர வீடுகளை உச்ச நீதிமன்ற உத்தரவைக் காட்டி இடித்தபோது, அங்கேயே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே மாற்று வீடு என்ற அறிவிப்பு சட்டமன்றத்தில் வந்தது. ஓர் உயிர் போன பிறகுதான் 'பக்கத்திலேயே வீடு' என்ற சொல் அரசின் வாயில் வந்தது. அந்த மக்களுக்கு அளவெடுப்பு என்றால் என்ன? நீல நிற பெயின்ட்டில் கதவில் எழுதும் எண். அடுத்த மாதம் வரும் பொக்லைன். அப்படிப்பட்டவர்களிடம் போய் "மேப்பில் இருப்பது நல்லது" என்று பாடம் எடுப்பது திமிர்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பவும் போனோம், இந்த முறை கருவி இல்லாமல். மாலையில் கோயில் திண்ணையில் கூட்டம் போட்டுப் பேசினோம். அங்கே எடுத்த முடிவுகள்தான் இன்று வரை எங்கள் விதிகள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கூடிப் பேசி மக்கள் சரி என்று சொல்லாமல் ஒரு தெருவைக்கூட ஏற்றக்கூடாது. சரி என்பதைத் தலைவர் மட்டும் சொன்னால் போதாது, பெண்கள் சொல்ல வேண்டும். தண்ணீர் தூக்குவதும் இரவில் இருட்டில் கழிப்பறைக்குப் போவதும் அவர்கள்தான்.

இரண்டு, பொது மேப்பில் போவது சந்து, படிக்கட்டு, பாலம், குழாய், அடிபம்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, பால்வாடி, தெருவிளக்கு. போகக்கூடாதது வீட்டுக்காரர் பெயர், சாதி, எந்த வீட்டில் பட்டா இல்லை, எந்தச் சுவர் கால்வாயைத் தொடுகிறது என்பவை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஏற்றியது எல்லோருக்கும் திறந்தது என்பதை மறக்காதீர்கள். நமக்கும் ஆம்புலன்ஸுக்கும் திறந்திருப்பது போலவே மனைத் தரகருக்கும் திறந்திருக்கும். பிறகு அழித்தாலும் பழைய பதிப்பு வரலாற்றில் இருக்கும்.

மூன்று, மற்ற விவரங்களுக்குத் தனி மேப். கையடக்கக் கருவியின் அருமை இதில்தான் தெரிகிறது. பொது வரைபடத்தின் மேல் நம் சொந்தப் புள்ளிகளையும் தடங்களையும் வைத்துக்கொள்ளலாம். இணையத்துக்கு ஏற்றாதவரை அவை நம் மெமரி கார்டைத் தாண்டாது. வீடு வீடாக எடுத்த கணக்கு குடியிருப்போர் சங்கத்தின் பெட்டியில் இருக்கட்டும். வழக்கு வரும்போது வழக்கறிஞரிடம் கொடுக்கலாம்.

நான்கு, எந்தக் கட்டுரையில் எந்தப் பெயரைப் போடுவது என்பதையும் மக்களே சொல்வார்கள். அந்தக் கால்வாய்க் குடியிருப்பு "மேப்புல போடு, பேப்பர்ல போடாத" என்றது. அதனால்தான் இங்கே பெயர் இல்லை.

அதன் பிறகு நடந்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், கஷ்டமான வேலை. திறந்த வெளியில் ஜிபிஎஸ் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தவறும். எங்கள் சந்தின் அகலமோ நான்கு அடி. அதாவது சந்தை விடத் தவறு பெரியது! இரண்டு பக்கமும் மாடி ஏறிய இடத்தில் தடம் இன்னும் தள்ளாடும். போய் வந்து பார்த்தால் பக்கத்துச் சந்தில் நடந்த மாதிரி காட்டும். அதனால் ஒரே சந்தில் மூன்று நான்கு முறை நடந்தோம். குழாயடி, முக்கு போன்ற இடங்களில் கருவியை இரண்டு நிமிடம் அசையாமல் வைத்துச் சராசரிப் புள்ளி எடுத்தோம். கூடவே பேப்பரில் கையால் படம் வரைந்து அடி எண்ணினோம்.

"செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே வரைந்துவிடலாமே?" என்று எங்களோடு வந்த மாணவர் ஒருவர் கேட்டார். வரைந்து பார்க்கட்டும் என்று விட்டோம். அரை மணி நேரத்தில் கைவிட்டார். மேலிருந்து பார்த்தால் தெரிவதெல்லாம் தகரமும் தார்ப்பாயும்தான். இரண்டு கூரை ஒன்றோடு ஒன்று முட்டி நிற்கும் இடத்தில் அடியில் ஒரு சந்து போகிறது என்பது வானத்துக்குத் தெரியாது. அங்கே நடப்பவருக்குத்தான் தெரியும். பணக்காரத் தெருவைக் கணினி தானாக வரைந்துவிடும். நம் தெருவை வரையக் கால் வேண்டும்.

அன்று எங்களுக்கு ஆசிரியர் அந்த டெலிவரி தம்பிதான். எந்த முட்டுச் சந்தில் வண்டி திரும்பும், எங்கே இறங்கித் தள்ள வேண்டும், மழைக்குப் பின் எந்த வழி மூழ்கும் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நிறுவனத்துக்காகத் தினமும் செய்யும் வேலையை முதல் முறையாகத் தன் தெருவுக்காகச் செய்தார். எல்லாம் முடிந்து தரவு ஏறி, புதிய வரைபடத்தைத் திரும்பக் கருவியில் ஏற்றிக்கொண்டு போனபோது, கேள்வி கேட்ட அந்த ஆயா திரையைக் கையில் வாங்கித் தன் வாசலைத் தேடினார். "இத்துணூண்டா கீறமே" என்றார். பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இது நம்மோடு நின்றுவிடும் கதையும் இல்லை. கென்யாவின் நைரோபியில் கிபேரா என்ற மாபெரும் குடிசைப் பகுதி, மேப்புகளில் வெற்றிடமாகக் கிடந்தது. 2009-இல் அந்தப் பகுதி இளைஞர்களே கையில் ஜிபிஎஸ் கருவியோடு நடந்து அதை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வரைந்தார்கள். தண்ணீர் இடம், கழிப்பறை, மருத்துவ இடம் எல்லாம் முதல் முறையாகக் கோட்டில் வந்தன. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலம் ஸேன்ஸ்வில் நகரை ஒட்டி கோல் ரன் என்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதி. சுற்றிலும் இருந்த வெள்ளையர் வீடுகளுக்குப் பல பத்தாண்டுகளாகக் குழாய்த் தண்ணீர். இவர்கள் மட்டும் மழைநீரும் கிணறுமாக வாழ்ந்தார்கள். வழக்கில், எந்த வீட்டுக்குக் குழாய் இருக்கிறது, எந்த வீட்டில் யார் வாழ்கிறார்கள் என்ற இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்தார்கள். 2008-இல் ஜூரி அது இனப் பாகுபாடு என்று தீர்த்து, ஏறக்குறைய 1.1 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. "தண்ணீர் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் அது புகார். எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்று கோடு போட்டுக் காட்டினால் அது சாட்சி.

தமிழ்நாட்டில் இந்தச் சாட்சிக்கு எத்தனை வேலை காத்திருக்கிறது! 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டதால், பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி ஒரு தலித் மனிதரின் உடலை இறக்கினார்கள். அந்தப் படம் உங்கள் எல்லோர் கண்ணிலும் இருக்கும். உங்கள் ஊரில் சேரியிலிருந்து சுடுகாட்டுக்கு எத்தனை தூரம், நடுவில் யார் வேலி, மழையில் அந்தப் பாதை என்ன ஆகிறது? செய்தி வந்த பிறகு கொதிப்பதற்கு முன், ஒரு கருவியோடு நடந்து அந்தத் தடத்தைப் பதிவு செய்து வையுங்கள். உத்தப்புரத்துச் சுவரை 2008-இல் உடைக்கும் வரை, அது தீண்டாமைச் சுவரே இல்லை என்று சாதித்தவர்களும் இருந்தார்கள்.

எல்லையையும் சொல்லிவிடுகிறோம். கையடக்க ஜிபிஎஸ் காட்டும் கோடு நில அளவைக் கோடு ஆகாது. பஞ்சமி நில வழக்கிலோ பட்டா வழக்கிலோ புல எண்ணும் புலப்படமும் சர்வேயர் அளவும்தான் நிற்கும். ஐந்து மீட்டர் தவறும் கருவியை வைத்து வரப்புச் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த இடத்தில் எத்தனை வருடமாக என்ன இருக்கிறது, வழி எது என்று காட்ட மட்டும் அது உதவும். கூகுள் மேப்பிலிருந்து எதையும் பார்த்து எழுதாதீர்கள், பதிப்புரிமைச் சிக்கல் வரும். ராணுவ இடம், பாதுகாப்பு இடங்களைத் தொடாதீர்கள். 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலின்படி, இந்தியர்கள் வரைபடத் தரவு எடுக்க முன் அனுமதி தேவையில்லை. களத்தில் யாராவது மிரட்டினால் சொல்வதற்கு இது தெரிந்திருக்கட்டும்.

கடைசியாகப் பெயர். மேப்பில் கோடு போட்டவுடன் அது கேட்கும் அடுத்த கேள்வி, "இந்தத் தெருவின் பெயர் என்ன?" தி.நகரில் ஜி.என். செட்டி சாலை என்று இன்றும் எல்லோரும் சாதியோடுதான் சொல்கிறோம். பக்கத்தில் பாண்டி பஜார் என்பதற்குள் சுயமரியாதை இயக்கத்தின் சௌந்தரபாண்டியன் இருப்பது பலருக்குத் தெரியாது. மேலே இருப்பவரின் சாதி தெருவுக்குப் பட்டமாக ஒட்டிக்கொள்ளும். நம் தெருவுக்கு அதுவே முத்திரையாகக் குத்தப்படும். 'காலனி' என்ற சொல் வசையாகிவிட்டது என்று சொல்லி, அரசுப் பதிவுகளிலிருந்து அதை நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் அறிவித்தார். மேப்பில் என்ன பெயர் எழுதுவது என்று கூட்டத்தில் கேட்டபோது பிள்ளைகள் அம்பேத்கர் தெரு என்றார்கள். பெரியவர்கள், இந்த இடத்தில் முதலில் குடிசை போட்ட ஒரு கிழவியின் பெயரைச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் வாக்குவாதம். அதிகாரி ஒருவர் வைத்துவிட்டுப் போன பெயரில் வாழ்ந்தவர்கள், முதல் முறையாகத் தங்கள் தெருவுக்கு என்ன பெயர் என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். நாங்கள் பார்த்ததிலேயே அழகான கூட்டம் அதுதான்.

மாணவத் தோழர்களே, வரும் விடுமுறையில் ஒன்று செய்யுங்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பைத் திறந்து உங்கள் தெருவைத் தேடுங்கள். இருந்தால் பெயர் சரியா என்று பாருங்கள். இல்லையென்றால் கருவியை எடுப்பதற்கு முன் அம்மாவிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் பேசுங்கள். அவர்கள் சரி என்ற பிறகு நடங்கள். ஆயாவின் கேள்விக்கு இன்றும் எங்களிடம் முழுப் பதில் இல்லை. மேப்பில் இருந்தால் இடிக்கமாட்டார்கள் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஆனால் இனி யாராவது வந்து இங்கே யாருமே இல்லை, இது வெற்று நிலம் என்று சொன்னால், அது பொய் என்று நிரூபிக்க நம் கையில் கோடு இருக்கிறது. அதை நாமே நடந்து போட்டோம்.

ஜெய்பீம்.